கொழுந்து ஒடியும் சத்தம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பெற்றேன், ஐந்து வளர்த்தேன். மூன்று வருடம் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு எழுதியது என்றால் சம்பள நாளில் போட்ட கையெழுத்துதான். இப்போது மூத்த மகளின் வீட்டில் இருந்து, அவள் பெற்ற பேத்தியின் பழைய நோட்டில் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம் ஆகிறது. ஆகட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையை அவள் திருத்தலாம், நான் சொன்னதைத் திருத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்குக் குரல் இல்லை. பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால்தான் நான் பேசுவது கேட்கும். நாற்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். அதற்கு முன்னால் நான் பாடினால் மூன்று சரிவு தள்ளி வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் தேயிலைத் தோட்டம் மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே. அப்போது கையால்தான் கொழுந்து எடுப்போம், கொழுந்து வெட்டும் கத்தரி பிறகுதான் வந்தது. காலையில் பனி மூடியிருக்கும்போது செடி நிரையில் இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்பவளின் முகம் தெரியாது. யார் எங்கே நிற்கிறாள் என்பதைக் குரலை வைத்துத்தான் அறிந்துகொள்வோம். அதனால் பாடுவோம். நான் ஓர் அடி எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஊரிலிருந்து கப்பலில் வந்த பாட்டுகள் என் அம்மாவோடு தீர்ந்துபோயின. அவற்றில் நெல்லும் கிணறும்தான் இருந்தன. எங்களுக்கு இங்கே நெல் ஏது, கிணறு ஏது? நான் பாடியவை எல்லாம் நானே கட்டியவை.

பனியிறங்கும் மேட்டு நெரை
பாதிக்கூடை நெறையலையே
எடைபோடும் கிராணி அய்யா – ஒங்க
தராசுக்கு நெஞ்சில்லையே

இதை எடை போடும் இடத்தில் பாடாதே என்று கங்காணி சொன்னார். அங்கேதான் சத்தமாகப் பாடினேன். கிராணி கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், "அம்மாவோட பாட்டுக்கு ஒரு கிலோ கழிச்சுக்கவா?" என்பார். கூடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கழித்தும்விடுவார்.

ரோட்டோரம் கார் நிறுத்தி எங்களைப் படம் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். வெள்ளைக்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்கள், கோலாலம்பூரிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள். ஒரு படம்கூட நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததில்லை. எங்கெங்கோ யார் யார் வீட்டுச் சுவரிலோ நான் கூடையோடு வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். என்ன பாடுகிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில், என் கடைசிப் பிள்ளை நடக்கத் தொடங்கிய வருடம், கழுத்தில் ஒரு கட்டி வந்தது. இந்த மலையில் பல பெண்களுக்கு வரும். முதலில் புளியங்கொட்டை அளவில் இருந்தது, பிறகு முட்டை அளவுக்கு ஆனது. தோட்டத்து டிரஸ்ஸர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டாக்டர் பேசியதை ஒரு நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னாள். கட்டியை வெட்டி எடுக்க வேண்டும். குரல் நரம்பு அதை ஒட்டிக்கொண்டு போகிறது. குரல் போகலாம், போகாமலும் இருக்கலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மிஸ்ஸி, "என்ன வேலை செய்றீங்கம்மா? டீச்சரா?" என்றாள்.

"கொழுந்து எடுக்கிறேன்."

அவள் அதைச் சொன்னதும் டாக்டரின் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பரவால்லயாம்மா," என்றாள் மிஸ்ஸி. "கொழுந்துக்குக் கை போதுமே."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான், நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்றுவரை அது என் தொண்டையில்தான் நிற்கிறது. கட்டியை எடுத்தார்கள், அதை எடுக்கவில்லை.

தைப்பூசம் கழித்து நாள் கொடுத்தார்கள். கையில் ஆறு வாரம் இருந்தது. பஸ்ஸில் மேலே ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். குரல் போகிறதென்றால் போகட்டும், அதற்கு முன்னால் பாட்டுகளை எல்லாம் ஒரு டேப்பில் எடுத்து வைத்துவிட வேண்டும். பணம் என்னுடையது. எப்படிச் சேர்ந்தது என்று எழுத மாட்டேன்.

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் உலர்த்துகிற மெஷினைப் பார்ப்பவர். டேப் ரெக்கார்டர் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர் மனதில் இருந்தது வேறு பெட்டி. அப்போது லைனில் செட் வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: எத்தனை வீடு தாண்டிக் கேட்கும்? நாலு வீடு என்றால் சுமார், பத்து வீடு என்றால் நல்ல செட். கங்காணி வீட்டுச் செட் பந்து விளையாடும் திடல்வரை கேட்கும், அதனால்தான் அவர் கங்காணி என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அடுத்த லைன்காரன் காதில் விழவேண்டும் என்றுதான் எல்லாரும் வாங்கினார்கள். நம் வாயிலிருந்து போவதை அந்தப் பெட்டி எப்படிக் கேட்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தேன்.

தானா ராத்தாவில் சீனர் ஒருவரின் கடை. தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் பண்ணிப் பண்ணி உடைந்த தமிழ் பேசுவார். எங்களைக் கண்டதும் பெரிய பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தார். முன்னால் வெள்ளியில் இரண்டு ஸ்பீக்கர், சாப்பாட்டுத் தட்டு மாதிரி.

"அம்மா, இது நல்ல செட்லா. ரேடியோ இருக்கு, ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு. சாமி கும்பிட்டா சாமி ஓடிப் போகும், அவ்ளோ சத்தம்!"

என் வீட்டுக்காரர் அதைத் தடவிக்கொண்டே நின்றார். நான் பையிலிருந்து காலையில் கிள்ளிய கொழுந்து ஒரு பிடி எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்னாது இது?" என்றார் என் வீட்டுக்காரர். "ஆட்டுக்குட்டியா வாங்க வந்துருக்கோம், கொழைய நீட்டுற?"

"ரெக்கார்ட் போடச் சொல்லுங்க," என்றேன்.

தவுக்கே சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் கொழுந்தை ஒவ்வொன்றாக ஒடித்தேன். இளங்கொழுந்து ஒடியும்போது ஒரு சத்தம் வரும். நகம் பட்டதா, விரல் பட்டதா, முற்றிய இலை கலந்துவிட்டதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சத்தத்தில் சொல்லிவிடுவோம். பதினாலு வயதிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருக்கிற சத்தம் அது. என் குரல் பெட்டியில் எப்படி வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது. தன் குரலை யார்தான் வெளியே நின்று கேட்டிருக்கிறார்கள்? கொழுந்து ஒடிவது எப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சரியாகப் பிடிக்கிற பெட்டி என்னையும் சரியாகப் பிடிக்கும்.

பெரிய பெட்டியில் பதிந்ததைத் திருப்பிப் போட்டபோது இரைச்சல்தான் வந்தது. அதன் வயிற்றுக்குள் சக்கரம் சுற்றுவது கேட்டது, வெளியே லோரி போனது கேட்டது. கொழுந்தைக் காணோம். இன்னொன்று வைத்தார். அதில் கொழுந்து ஒடிவது விறகு முறிகிற மாதிரி வந்தது. மூன்றாவது, நான்காவது. கொண்டுவந்த கொழுந்து வாடத் தொடங்கிவிட்டது. "அம்மா இங்கயே ஃபேக்டரி போடுறாங்களா?" என்று தவுக்கே என் வீட்டுக்காரரைக் கேட்டார். இருவரும் சிரித்தார்கள்.

அலமாரியின் அடித்தட்டில் தட்டையாக ஒன்று கிடந்தது. சின்னது, ஒரே ஸ்பீக்கர், ரேடியோ இல்லை. கைப்பிடியோடு ஒரு கறுப்பு உறை. ஒயரில் தனியாக ஒரு மைக், கட்டைவிரல் தடிமன். யாரோ ஒரு வாத்தியார் விற்றுவிட்டுப் போனதாம்.

"அது வேணாம்லா. பழசு. சத்தம் இல்ல."

"அதுல போடுங்க."

தவுக்கே சலித்துக்கொண்டு ஒரு கேசட்டைப் போட்டு, "சத்து, டுவா, திகா," என்று மலாயில் எண்ணினார். நான் மைக்குக்குக் கீழே கொழுந்து ஒடித்தேன். என் வீட்டுக்காரர் ஆட்டுக்குட்டிக் கதையை மறுபடி ஆரம்பித்தார். "பேசாம இருங்க," என்றுவிட்டு, பனியிறங்கும் மேட்டு நெரை நாலடியையும் மெதுவான குரலில் பாடினேன். கடையில் ஆள் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

திருப்பிப் போட்டார்கள். இளங்கொழுந்து இளங்கொழுந்தாகவே ஒடிந்தது. நடுவில் ஒன்று முற்றல், அதுகூடத் தெரிந்தது. பிறகு ஒரு பெண் பாடினாள். யாரோ என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இதையா வாங்கப் போற?" என்றார், வெளியே வந்ததும். "பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காதுடி இது."

"பக்கத்து வீட்டுக்கா வாங்குறேன்?"

"லைன்ல மூஞ்ச காட்ட முடியாது."

"அப்ப ஃபேக்டரியிலயே இருங்க."

திரும்ப உள்ளே போய்க் காசைக் கொடுத்து வாங்கினேன். சோதித்துப் பார்த்த கேசட்டைத் தவுக்கே சும்மாவே கொடுத்துவிட்டார். உறையின் பின்பக்கம் ஒரு பை இருந்தது. அதில் செருகி வைத்தேன்.

எங்கே உட்கார்ந்து பாடுவது? மழை மாதம். ஸிங்குத் தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. லைனில் மழை இல்லாத நேரத்தில் குழந்தை அழும், கோழி கத்தும், யாராவது சண்டை போடுவார்கள். கடைசியில் வழி சொன்னது என் வீட்டுக்காரர்தான், அதை மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி மெஷின் எல்லாம் நின்றிருக்கும். தேயிலைத்தூள் மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்தால் வெளிச்சத்தமும் வராது, எதிரொலியும் இருக்காது. காவல் நிற்கும் ஜாகாக்காரரிடம் அவரே போய்ப் பேசினார். "மெஷினு சத்தத்துலயே இருக்கறவன் நான். எங்க சத்தமில்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

நான்கு ஞாயிறு. நானும் அடுத்த வீட்டு அக்காவும் போவோம். நிரையில் எனக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர் அவர்தான். மூட்டைமேல் மூட்டையாகச் சுற்றிலும் தேயிலை. பாடினால் பாடியது மட்டும்தான் கேட்கும். மைக்கை மூட்டை தைக்கும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அக்காவை நாலடி தள்ளி உட்காரவைத்தேன், பின்பாட்டு பின்னால் கேட்கவேண்டும் என்பதற்காக. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடி, டீச்சர் மாதிரி ஆள ஒக்கார வைக்கிற? என் கொரல் மட்டும் கொரலில்லயா?"

"உங்க கொரலு ஓடிவந்து முன்னாடி ஒக்காந்துக்கும்க்கா. நீங்க தள்ளி ஒக்காந்தாத்தான் ரெண்டு பேரும் இருப்போம்."

"ஆப்ரேசனுக்கு முன்னயே ஒனக்கு வாய் போயிருக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பாடியதுபோல் நிரையில்கூடப் பாடியதில்லை.

மூன்று கேசட், இரண்டு பக்கமும் நிறைந்தன. கொழுந்துப் பாட்டு, கும்மி, கல்யாணத்துக்கு நலங்கு, கிராணியை வைத பாட்டு, எல்லாம் எடுத்தோம். கடைசி ஞாயிறு அக்காவை வெளியே போகச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆறில் ஒன்று போனது என்றேனே, அந்தப் பிள்ளைக்கு ஒரு தாலாட்டுக் கட்டியிருந்தேன். அது போன பிறகு மற்ற ஐந்துக்கும் அதைப் பாடியதில்லை, எந்தப் பிள்ளை காதிலும் விழவிட்டதில்லை. அதை ஒரே ஒரு தடவை பாடினேன். மூன்றாவது கேசட்டின் கடைசியில் அது இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன்.

இந்த மலையில் எதுவும் காயாது. செருப்பில் பூஞ்சை பிடிக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும், கல்யாணப் புடவையை எடுத்தால் பச்சைப் புள்ளி விழுந்திருக்கும். அதனால் எங்கள் லைனில் எந்த வீட்டிலும் அருமையான பொருளுக்கு ஒரே இடம்தான்: அடுப்புக்கு மேலே உள்ள பரண். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, உப்பு, தீப்பெட்டி எல்லாம் அங்கேதான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையை எரிப்போம், அந்தச் சூடு எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். பரணில் வைத்தது கெடாது. என் அம்மா அப்படித்தான் செய்தார், எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மூன்று கேசட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்துக்கு மேலே வைத்து, பரணில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மூத்தவளைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு சமைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை, கடைசிப் பிள்ளையின் சளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அதற்குப் பிறகு பரணைக் காட்டினேன்.

"அம்மா பாட்டு அதுல இருக்கு. ஈரம் ஏறக்கூடாது. அடுப்ப அணைய விடாத."

"சரிம்மா."

"என்ன சொன்னேன்?"

"அடுப்ப அணைய விடக் கூடாது."

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் ஆகிவிட்டது. குரல் போய்விட்டது. கழுத்தில் போட்ட கட்டை அவிழ்த்த அன்று மிஸ்ஸி, "பேசிப் பாருங்கம்மா," என்றாள். வாயைத் திறந்தேன், காற்று வந்தது. நான் அழவில்லை. அழவேண்டிய அவசியம் என்ன? பாட்டு வீட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு நான் அழாதது ஆச்சரியம்.

மலையடித் தாப்பாவிலிருந்து பஸ் ஒவ்வொரு வளைவாக ஏறியது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும், பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. நேராகப் பரணுக்குப் போனேன். டின்னைத் தொட்டால் கை சுட்டது.

மூத்தவள் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் எல்லாம் சிரிப்பு. கைவிரல்கள் கரி. "ஒரு நாளும் அணைய விடலம்மா," என்றாள். "நடுராத்திரிகூட எந்திரிச்சு கட்ட வச்சேன். அப்பா வெறக வீணாக்காதன்னு வஞ்சாரு, அப்பவும் வச்சேன்."

டின்னைத் திறந்தேன். ஒரு கேசட் பொரித்த அப்பளம்போல் வளைந்து கிடந்தது, அது பெட்டிக்குள் நுழையவே இல்லை. இரண்டாவது நுழைந்தது. பொத்தானை அமுக்கினேன். தண்ணீருக்குள் யாரோ குடிகாரன் இழுத்து இழுத்துப் பேசுவதுபோல் ஒன்று வந்து நின்றுபோனது. மூன்றாவதைப் போட்டேன். பெட்டி டேப்பை இழுத்து வெளியே கக்கியது. கருப்பு நாடா என் மடியில் சுருள் சுருளாக விழுந்தது. தாலாட்டு அதில்தான் இருந்தது.

கத்துவதற்குக் குரல் இல்லை. கை இருந்தது.

மூத்தவளை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. "நீங்கதானம்மா சொன்னீங்க... நீங்கதானம்மா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு அக்கா ஓடிவந்து பிடித்து இழுத்தார். ஃபேக்டரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவள ஏன்டி அடிக்கிற? அந்தச் சூட்டுல நானே வேலை செய்றேன், எனக்கே தோணல. ஒனக்குத் தோணுச்சா?" என்றார். அவர் கேட்டது சரி. அதனாலேயே அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசாமல் இருப்பது அப்போது எனக்குச் சுலபமாகிவிட்டிருந்தது.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கத்தரி வந்தது. நிரை முழுக்கக் கடக் கடக் என்ற சத்தம். யாரும் பாடவில்லை. பாடினாலும் கேட்டிருக்காது. அப்படி ஒரு நாள் வேலை விட்டு லைனுக்குள் வருகிறேன், என் வீட்டுக்குள் நான் பாடிக்கொண்டிருந்தேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். முதலில் கொழுந்து ஒடிந்தது. "ஆட்டுக்குட்டியா வாங்க வந்துருக்கோம்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "பேசாம இருங்க" என்றது என் குரல். பிறகு பனியிறங்கும் மேட்டு நெரை. கடைசி அடி முடியுமுன் என் வீட்டுக்காரர், "போதும்டி, பஸ் போயிரும்" என்றார். தவுக்கே, "போலே, போலே, ஆகும், நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மூத்தவள் அந்தக் கேசட்டை உறையின் பின்பையிலிருந்து கண்டெடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பொத்தானைத் தட்டி அணைத்துவிட்டு, பெட்டியைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கினாள். நான் மறுபடி போடு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு விரலை ஆட்டியிருந்தால் போதும், அவளுக்குப் புரிந்திருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

எண்பதுகளின் நடுவில் அவளுக்குக் கல்யாணம். அப்போது கல்யாண வீடுகளில் வீடியோ வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வீடியோக்காரர் ஒருவரைப் பேசியிருந்தார்கள். தோளில் தூக்கிவைக்கிற பெரிய கேமரா, கூடவே கண்ணைக் கூசவைக்கிற லைட். முந்தின நாள் அவர் வீட்டைப் பார்க்க வந்தபோது கேமராவைச் சுற்றிவந்து பார்த்தேன். அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "இதுக்குக் காது எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "காதெல்லாம் எதுக்கும்மா? சத்தத்த எடுத்துட்டு மேல நல்ல சினிமாப் பாட்டா போட்டுருவேன். ஜோரா இருக்கும்."

மூத்தவள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்தக் கேசட். எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் அவள் பெட்டியில் வைத்திருந்திருக்கிறாள், துணியில் சுற்றி. பரணில் இல்லை. "அண்ணே, நலங்கு வைக்கறப்ப மட்டும் இதுல எங்கம்மா பாடுற நாலு வரியப் போட்டுருங்க. நலங்குப் பாட்டு இல்லதான். பரவால்ல, அம்மா கொரலு," என்றாள். அவர் சரி என்று வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து வீடியோவைப் பார்க்க லைனே எங்கள் வீட்டில் கூடியது. நலங்கு வந்தது. நான் அவள் கையில் சந்தனம் பூசுகிறேன். பழக்கம், வாய் தானாக அசைகிறது. மேலே ஒரு சினிமாப் பாட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. யாரோ, "பாட்டி டூயட்டு பாடுது பாரு!" என்றார்கள். வீடு சிரித்தது. எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மூத்தவள் சிரிக்கவில்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோதே வீடியோக்காரர் சொல்லியிருக்கிறார்: "கடைச் சத்தமா இருக்குதுமா, ஆடு மாடுன்னு என்னமோ பேசுறாங்க, போட்டா அசிங்கமா இருக்கும்." அவள் என்னிடம் சொல்லவில்லை. இப்போது என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்கம்மா," என்றாள், உதடு மட்டும் அசைய. எதற்கு மன்னிப்பு என்று எனக்குத் தெரியும். வீடியோவுக்காக மட்டும் அவள் அதைக் கேட்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பெட்டியைத் தேடிப்பிடித்தவள் நான், கொழுந்து ஒடித்துச் சோதித்தவள் நான், எதில் பாட வேண்டும், எங்கே தொங்கவிட வேண்டும், யார் எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும் என்று எல்லாம் தெரிந்தவள் நான். எங்கே வைக்கவேண்டும் என்று மட்டும் தெரியாமல் போனவளும் நான்தான். நீ சொன்னதைச் செய்தாய், வேறொன்றும் செய்யவில்லை. இதைச் சொல்ல எவ்வளவு குரல் வேண்டும்? எனக்கு இருக்கிற குரலே போதும். நாற்பது வருடமாக அவள் காது என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மருந்து வேண்டுமா, கஞ்சி போதுமா என்று கேட்கக் குனிகிறாள். நான் கஞ்சியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கேசட் இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை. பேத்தி, அதைப் போனில் ஏற்றிவிடலாம் என்கிறாள். அம்மாடி, ஏற்றலாமா கூடாதா என்று உன் அம்மாவைக் கேள், அது அவளுடையது. தாலாட்டின் வார்த்தைகளை இந்த நோட்டில் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். எழுதவில்லை. எழுதினால் வெறும் வார்த்தையாகத்தான் இருக்கும்.

இந்தா, நோட்டு. பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள், முதலில் படி. இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்காதே. சமையலறைக்குப் போ, உன் அம்மா அங்கே காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லாதே. வாசற்படியில் நின்று, முதல் பக்கத்திலிருந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.